கழுவாத பாய்

பாயைக் கழுவ மறந்த கதையை நானே சங்கத்தில் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் சிரித்தார்கள். டெல்பர்ட் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் அது பாதிக் கதைதான். மீதியை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளும்படியாக அதில் ஒன்றும் இல்லை.

என் பெயர் லோவெல் ஹாஸ்கின்ஸ். மாவட்டச் சாலைத் துறையில் முப்பத்தோரு வருஷம் மண் சாலையைச் சமப்படுத்துகிற கிரேடர் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரான டெலானி ஃபிளாட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைக்கு இரண்டு வழிதான். ஒன்று மீன் பிடிக்கப் போவான், இல்லையென்றால் தங்கம் தேடப் போவான். எனக்கு மீன் நாற்றம் ஆகாது. மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை தங்கம் தேடுவோர் சங்கம் கூடும். ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து, எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவோம். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் நான் பேசுவேன். மண்ணை அலச எந்தச் சட்டி வாங்கலாம், எந்தச் சல்லடை ஏமாற்று வேலை, முதுகில் எவ்வளவு கனம் தாங்கும் என்று பதினோரு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் முடிப்பேன்: பாயை மூன்று தடவை கழுவு.

பாய் என்றால் ஸ்லூஸின் அடியில் விரிக்கிற ரப்பர் பாய். ஸ்லூஸ் ஒரு நீளமான தகரத் தொட்டி, இரண்டு முனையும் திறந்திருக்கும். ஓடுகிற தண்ணீரில் சாய்த்து வைத்து மேல் முனையில் மண்ணைப் போட்டால் மண்ணும் கல்லும் அடித்துக்கொண்டு போய்விடும். கனமான தங்கம் மட்டும் பாயின் பள்ளங்களில் உட்கார்ந்துகொள்ளும். தூள் தங்கம் லேசில் வெளியே வராது. ஒரு ஆற்றில் ஓட்டிய பாயைச் சரியாகக் கழுவாமல் வேறு ஓடையில் போட்டால், பழைய ஆற்றின் தங்கம் புது ஓடையின் தங்கமாக வேஷம் கட்டிக்கொண்டு வரும். இந்தப் பிசகால் வெறும் சரளையை இரண்டு வருஷம் தோண்டிய மகானுபாவர்கள் எங்கள் சங்கத்திலேயே உண்டு. அவர்களைப் பெயர் சொல்லிக் கேலி செய்வேன்.

இன்னொரு வழக்கத்தையும் திட்டுவேன். புதிதாக வருகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், இவர்களுடைய சட்டியில் டெல்பர்ட் கூன்ட்ஸ் யாருக்கும் தெரியாமல் இரண்டு மூன்று தங்கத் துணுக்கைத் தூவிவிடுவான். அவர்கள் கத்திக் குதிப்பதைப் பார்த்து இவனும் குதிப்பான். பாவம், சந்தோஷப்படட்டுமே என்பான். அது மோசடி என்பேன் நான்.

நேடின் ஆஸ்ட்ராண்டரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் என்னைப் பற்றியே ஒரு பக்கம் ஓடிவிட்டது. என் குணம் அப்படி.

நேடின் எங்கள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்தேழு வருஷம் பரிமாறியவள். ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லாரும் அவள் கையால் சாப்பிட்டவர்கள்தான். வங்கி மேலாளரைக் கடைத்தெருவில் பார்த்தால், "என்னடா, இன்னும் கேரட்டைக் கால்சட்டைப் பையில ஒளிக்கிறியா?" என்று கேட்பாள். அந்த மனிதர் காது சிவந்து நிற்பார். தட்டுகளைத் தூக்கித் தூக்கி அவள் வலது தோள் நைந்துபோயிருந்தது. பதினைந்து பவுண்டுக்கு மேல் எதையும் சுமக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கணவர் ஆர்லோ எங்கள் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரை அவள் ஆற்றுப் பக்கம் வந்ததே இல்லை. கேட்டால், "நாள் பூரா தண்ணில குனிஞ்சு நிக்க நான் என்ன கொக்கா?" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு மார்ச் மாதக் கூட்டத்தில், நான் பேசி முடித்ததும், எலுமிச்சைக் கேக் தட்டோடு என் மேசைக்கு வந்தாள்.

"லோவெல், எனக்கு ஒரு செட் பொறுக்கிக் குடு. சட்டி, தொட்டி எல்லாம் சேத்து பதினஞ்சு பவுண்டு. ஒரு அவுன்சு கூடினாலும் டாக்டர் என்னைக் கொன்னுடுவாரு."

"உனக்கா? எதுக்கு?"

"ஆர்லோ முப்பது வருஷமா அந்த ஆத்துல என்னத்தக் கண்டாருன்னு ஒரு தடவை பாத்துட்டுப் போலாமேன்னுதான்."

"பாத்துட்டுப் போலாமா? எங்க போற?"

அவள் மகள் ஜனெல் தூரத்து நகரமான ஸ்போகேனில் நர்ஸ். மூன்று வயதுப் பையனை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். வா வா என்று ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறாளாம். மே மாதம் வீட்டை விலைக்குப் போடுவது, செப்டம்பரில் கிளம்புவது என்று முடிவு செய்துவிட்டதாக, மேசையில் சிந்திய கேக் துணுக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லது," என்றேன்.

என் மனைவி என்னை விட்டுப் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. அன்றைக்கும் வாசலில் நின்று இதே 'நல்லது'தான் சொன்னேன். ஆர்லோ போன பிறகு நேடின் வீட்டுக் கூரையோரத் தகரக் குழாயில் சருகு அடைத்தால் நான்தான் ஏணியோடு போவேன். வேலை அரை மணி, காப்பி இரண்டு மணி. சருகு விழாத மாதத்திலும் ஏணியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அவள் ஒன்றும் கேட்டதில்லை.

மூன்று வாரம் வேறு வேலை பார்க்கவில்லை. குளியலறை எடைக் கருவியைச் சமையலறை மேசையில் ஏற்றினேன். ஆர்லோவின் இரும்புச் சட்டி பார்க்க அழகு, ஆனால் கனம். அதைத் தள்ளிவிட்டுப் பச்சை பிளாஸ்டிக் சட்டி எடுத்தேன். அது ஒரு பவுண்டுகூட இல்லை. பெரிய வாளி வேண்டாம், பாதி அளவு போதும். வாளி வாயில் உட்காருகிற சல்லடை. மடக்கு மண்வெட்டி கீலில் விரலைக் கடிக்கும், அதற்குப் பதில் தோட்டத்துக் கைக்கரண்டி. தங்கத் துணுக்கை உறிஞ்சி எடுக்கிற சின்னக் குப்பி. முழங்காலுக்கு மெத்தை. எல்லாம் கூட்டிப் பார்த்தபோது குடிதண்ணீரை மறந்தது ஞாபகம் வந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

டெல்பர்ட் எட்டிப் பார்த்தான். "வாத்தியாரே, நேடினோட பல்செட்டை எடை போட்டாச்சா?"

"போய் வேலையப் பாருடா."

"நான் சொல்றதக் கேளு. பேட்டரில ஓடற மெஷின் ஒண்ணு வந்திருக்கு. பட்டனைத் தட்டினா போதும், தானா அள்ளும்."

"பேட்டரி மட்டுமே பதினஞ்சு பவுண்டுடா. அவ தலையில வச்சுத் தூக்கிட்டுப் போவாளா? அதோட ஆத்துல மோட்டார் வச்சா அபராதம் யார் கட்டறது, நீயா?"

ஸ்லூஸ்தான் இடித்தது. தபாலில் வருகிற மடக்குப் பிளாஸ்டிக் ஸ்லூஸ் லேசுதான், ஆனால் தண்ணீர் கொஞ்சம் வேகமாக வந்தாலே கிளம்பிப் போய்விடும். அலுமினியத்தில் நல்லதெல்லாம் பத்துப் பவுண்டு. கடைசியில் என்னுடையதையே கொடுக்கத் தீர்மானித்தேன். நானே அறுத்துக் குட்டையாக்கிய இரண்டடி ஸ்லூஸ், நாலு பவுண்டு. மொத்தமும் கட்டி ஏற்றிப் பார்த்தேன். பதினாலு பவுண்டு பதினோரு அவுன்சு. தனியாக உட்கார்ந்து கை தட்டிக்கொண்டேன், வேறென்ன சொல்ல.

நேடின் என்னிடம் கேட்ட மறுநாள், ஞாயிறன்று, அந்த ஸ்லூஸை ஆற்றின் வட கிளையில் ஓட்டியிருந்தேன். முழங்கால் வலி, மழை வேறு பிடித்துக்கொண்டது. பாயை ஒரு தடவை அலசிவிட்டு, மீதி இரண்டு தடவையை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று சுருட்டிக் கொண்டுவந்தேன். வீட்டுக்கு வந்ததும் எடைப் பைத்தியம் பிடித்துவிட்டது. கழுவவில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை நேடின் வீட்டுக் கொல்லையில் ஓடுகிற மஸ்க்ராட் ஓடையில் முதல் ஒத்திகை. அந்த ஓடையில் தங்கம் கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. ஆர்லோ ஒரு நாளும் அதில் சட்டியை நனைத்ததில்லை. தொட்டியை எவ்வளவு சாய்ப்பது, மண்ணை எப்படிக் கொட்டுவது என்று பழகத்தான் போனோம். டெல்பர்ட் சாப்பிட வந்திருந்தான்.

இரண்டு வாளி மண் ஓட்டினாள். பொறுமையான கை அவளுக்கு. பாயை உருவி நான் வாளித் தண்ணீரில் உதறினேன், அடியில் நின்ற வண்டலை அவள் சட்டியில் போட்டுச் சுழற்றினாள். கறுப்பு மணல் விலகியது. பின்னால் மஞ்சளாக ஒரு கோடு. நாற்பது துணுக்காவது இருக்கும்.

"அடேயப்பா!" டெல்பர்ட் தொப்பியைத் தூக்கி ஓடையிலேயே போட்டுவிட்டான். "ஆர்லோ! யோவ் ஆர்லோ! முப்பது வருஷம் உன் கொல்லையிலயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் சுத்தினியேய்யா!"

நேடின் கத்தவில்லை. சட்டியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சட்டியைப் பார்த்தேன்.

நாலைந்து துணுக்கில் வெள்ளை அப்பியிருந்தது. வட கிளையில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் சுரங்கக்காரர்கள் பாதரசத்தை வாரி இறைத்தார்கள். அங்கே எடுக்கிற தங்கத்தில் இன்றைக்கும் அந்த வெள்ளை ஒட்டிக்கொண்டு வரும். யாரும் தோண்டாத மஸ்க்ராட் ஓடைக்குப் பாதரசம் எங்கிருந்து வரும்? என் காது சுட்டது.

"நீ என்ன சொல்ற, லோவெல்?" என்று கேட்டாள் நேடின்.

"நல்ல ஸ்லூஸ்," என்றேன்.

டெல்பர்ட் பக்கத்தில் நிற்கிறானே, அவன் போனதும் சொல்லலாம் என்று நினைத்தேன். பதினோரு வருஷம் வாய் கிழியப் பேசியவன் பாயைக் கழுவவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும்? டெல்பர்ட் போகவில்லை. மூன்று தட்டு உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டான். நான் வீட்டுக்கு வந்து, போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். போன் அவளிடமிருந்தே வந்தது.

"ஜனெல்கிட்ட சொல்லிட்டேன். இந்த வருஷம் வரலைன்னு. வீட்டை விக்கிறதையும் அப்புறம் பாத்துக்கலாம்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் காரணம் மானம் மட்டும் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டு சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் தலை தொங்குகிறது.

கோடை முழுக்க செவ்வாயும் வெள்ளியும் அந்த ஓடையில்தான் இருந்தோம். இரண்டாவது தடவை மூன்று துணுக்கு வந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சாய்வு சரியில்லை என்றேன். கரண்டியை மாற்றினேன், சல்லடையை மாற்றினேன், பாயையே மாற்றினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஒவ்வொன்றையும் மறுபடி எடை போட்டுக் கட்டிக் கொடுத்தேன். நேடின் எதையும் கேள்வி கேட்கவில்லை. "அடுத்த வாரம் வரும்," என்பாள். மத்தியானம் டூனா சாண்ட்விச், குளிர்ந்த டீ. பேனாக்கத்தியால் பீச் பழத்தைத் தோல் சீவி, நறுக்கி, கத்தி முனையிலேயே எனக்கு நீட்டுவாள். பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்லுவாள். நான் இவ்வளவு சிரித்த கோடை வேறு இல்லை. இப்படி வெறும் மண்ணை நம்பி உட்கார்ந்திருக்கிறாளே, அப்பாவி, என்று அவள்மேல் இரக்கப்படுவேன். நான் அவள்மேல் இரக்கப்பட்டேன்!

செப்டம்பரில் ஜனெல் எனக்குப் போன் செய்தாள்.

"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதீங்க. அந்த ஓடையில நெஜமாவே தங்கம் இருக்கா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"மார்ச்சுல அம்மா வரேன்னு சொன்னதை நம்பி இந்த மாசத்துலேர்ந்து நைட் ஷிஃப்டுக்கு ஒத்துக்கிட்டேன், இப்ப மாத்த முடியல. பையனைப் பக்கத்து வீட்டுல தூங்க வைக்கிறேன். எழுந்திரிச்சா தெரியாத வீடு, அழறான். அம்மாகிட்ட சொன்னா, கொஞ்ச நாள் பொறு, இங்க ஒரு விஷயம் இருக்குங்கறாங்க. தங்கத்துக்கு ஆசைப்படற ஆளே இல்ல சார் அவங்க."

"நான் பேசறேன்மா," என்றேன். ஒரு குழந்தையின் தூக்கத்தில் கை வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஓடையில் அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நேடின், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லாம வச்சிருக்கேன்."

கரண்டியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். தொப்பியைக் கழற்றி, தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். எதற்கு இப்போது தலைமுடி என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் மூளை.

"சொல்லு, லோவெல். சொல்லு."

சொன்னேன். வட கிளை, முழங்கால், மழை, ஒரே தடவை அலசியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அந்த நாற்பது துணுக்கும் பாயில் தங்கிப்போன என் தங்கம், இந்த ஓடையில் ஒன்றும் கிடையாது, நீ ஜனெலிடம் போகலாம் என்றேன்.

அவள் தொப்பியை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டாள். "மறந்துட்டியா?" என்றாள். "பாயைக் கழுவ மறந்துட்டியா?"

"ஆமா. என் தப்புதான்."

"லோவெல், ஆர்லோ கொண்டுவந்த தங்கத்தையெல்லாம் சாப்பாட்டு மேசையில கொட்டி இடுக்கியால பொறுக்கினது யாருன்னு நினைச்ச? இருபத்தொன்பது வருஷம். வெள்ளை ஒட்டின தங்கம் எந்த ஆத்துதுன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கே தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் போகல?"

அவள் முகம் கழுத்துவரை சிவந்தது. "நீ வேணும்னே போட்டதா நினைச்சேன். டெல்பர்ட்டு பசங்களுக்குத் தூவற மாதிரி. வாயைத் தொறந்து, போகாத, இருன்னு சொல்லத் தெரியாத மனுஷன், தங்கத்தத் தூவிச் சொல்றான்னு நினைச்சேன். சரி, என்னிக்காவது வாயாலயும் சொல்லுவான்னு உக்காந்திருந்தேன்."

இதைக் கேட்டதும் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? எவனைக் கேட்டாலும் தெரியும். எனக்கு அந்த நிமிஷம் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: என்னை மோசடிக்காரன் என்கிறாள்.

"சேச்சே! நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல, நேடின்," என்றேன். "பதினோரு வருஷத்துல ஒருத்தர் சட்டியிலயும் நான் எதையும் தூவினதில்ல. சங்கத்துல யாரை வேணாலும் கேட்டுப் பாரு."

"கேக்க வேண்டாம்," என்றாள். "தெரியுது." சட்டியைத் தண்ணீரில் அலம்பிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள். நான் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அவள் வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை சங்கத்தில் எழுந்து பாய்க் கதையைச் சொன்னேன். அதற்குத்தான் சிரித்தார்கள். என்ன நேர்மை என்று இரண்டு பேர் கைகூடக் குலுக்கினார்கள். நேடின் அன்றைக்கு வரவில்லை.

மாதக் கடைசியில் கிளம்பினாள். நானும் டெல்பர்ட்டும் பெட்டிகளை வண்டியில் ஏற்றினோம். அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருக்கிறது என்று டெல்பர்ட் முன்னாலேயே நழுவிவிட்டான். அவனுக்குக்கூட அது தெரிந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் வாசலில். அவள் வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கினாள். சொல்ல வேண்டியதைக் காலையில் சவரம் செய்யும்போது நாலு தடவை கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகியிருந்தேன். நீ போய்த்தான் ஆக வேண்டும், நான் அங்கே வரட்டுமா, இவ்வளவுதான். அதைச் சொல்லாமல், வண்டிச் சக்கரத்தில் காற்று சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

அவள்தான் பேசினாள். "ஸ்போகேன்லயும் ஊருக்கு நடுவுல ஆறு ஓடுது, லோவெல்."

"தெரியும்," என்றேன். "ஆனா அதுல தங்கம் அவ்வளவா கிடைக்காது."

அவள் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.